மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பாடஞ்சொல்லும் நெறி

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வி வரலாற்றில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தலபுராணங்கள் பாடிய புலவராகவே பெரிதும் மதிப்பிடப்படுகிறார். அவர் பாடஞ்சொன்ன முறை தனித்து ஆராயப்பட வேண்டியது.

திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பிறந்த பிள்ளை, தந்தை சிதம்பரம் பிள்ளையிடம் தொடக்கக் கல்வி பெற்றார். இளமையிலேயே தந்தையை இழந்தபின், நூலறிவு எவரிடம் இருப்பினும் தேடிச் சென்று பயின்றார். தெருவில் இரந்துண்ட பரதேசி ஒருவர் தண்டியலங்காரத்தில் வல்லவர் என அறிந்து, அவர் பின்னே திரிந்து அந்நூலைப் பாடங்கேட்டார். ஆசிரியரை நாடி அலைந்த இப்பட்டறிவே, பின்னாளில் தம்மை நாடி வந்தோரிடம் அவர் காட்டிய பரிவுக்கு அடிப்படை எனலாம். கிறித்தவரான சவேரிநாத பிள்ளையும் இசுலாமியரான நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவர்தம் மாணாக்கர்.

1871இல் மாயூரத்தில் வந்து சேர்ந்த உ.வே. சாமிநாதையர் முதலில் சவேரிநாத பிள்ளையிடமே பயில நேர்ந்தது. ஆசிரியரிடம் நேரே பாடங்கேட்கும் வேட்கை இளைஞரை வருத்தியது. வேற்றிடத்திலிருந்து கொணர்ந்து நட்ட மரங்கள் துளிர்த்தனவா எனப் பிள்ளை நாள்தோறும் விடியலில் தோட்டத்திற்குச் சென்று பார்ப்பார். அதனைக் கவனித்த மாணவர், முன்னரே எழுந்து புதிய தளிர்களைத் தேடிக் காட்டலானார். ஆசிரியர் நெருக்கம் கிட்டியது. அத்தோட்டத்திலேயே நேர்ப்பாடமும் தொடங்கியது. இந்நிகழ்ச்சி மாணவரின் சாதுரியத்தைக் காட்டுவதாகவே வழக்கமாகச் சொல்லப்படும். ஆசிரியர் தம் பொழுதின் ஒரு பகுதியை அவருக்கெனத் திறந்து வைத்ததே இவண் கருதத்தக்கது.

அவரிடத்தில் வகுப்பறை, கால அட்டவணை என்பன இல்லை. தாம் புதிதாக இயற்றும் புராணச் செய்யுட்களை வாய்மொழியாகச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். செய்யுள் உருவாகும் போக்கினை அருகிருந்து காண்பதும் அவர்களுக்குக் கல்வியாயிற்று. குறையும் இல்லாமலில்லை. சாமிநாதையர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றதைப் பிள்ளை விரும்பவில்லை, அப்பயிற்சி நின்றது. பாடங்களிலும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் முதலியனவே மிக்கிருந்தன.

ஆசிரியர் மறைந்தபின், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவியபோது, சாமிநாதையர் இல்லையென்றே கூற வேண்டியிருந்தது. எனினும், பாடங்கேளாத அந்நூலை நச்சினார்க்கினியர் உரையின் துணைகொண்டும், சமணர்களிடம் கேட்டறிந்தும் பயின்று, 1887இல் அவர் பதிப்பித்தார்.