சொல் ஏணி கட்டிய கணக்கு வாத்தியார்

கடனைப் பணமாக மாத்த முடியுமா? முடியும். பேங்குக்குப் போக வேண்டாம், ஒரு பேனாவும் துண்டுக் காகிதமும் போதும். ஒரு தடவைக்கு ஓர் எழுத்தை மட்டும் மாத்தணும். மாத்தும் ஒவ்வொரு தடவையும் அர்த்தமுள்ள ஒரு சொல் வரணும். கடன், கடம், படம், பணம். மூணே படி! கிளியைப் புலியாக்குவது இன்னும் சுலபம்: கிளி, கிலி, புலி.

சொல் ஏணி என்று இதைச் சொல்லலாம். நம் தாத்தா காலத்து விளையாட்டு மாதிரி தெரிந்தாலும், இதற்குப் பிறந்த நாளே உண்டு. 1877-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினம். பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த இரண்டு சிறுமிகளுக்காக இங்கிலாந்தில் ஒரு கணக்கு விரிவுரையாளர் இதை உருவாக்கினார். அவர் பெயர் சார்ல்ஸ் லட்விட்ஜ் டாட்சன். இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கும் லூயிஸ் கரோல் என்றால் தெரிந்திருக்கும். ஆலிஸ் கதையை எழுதியவர் அவர்தான்.

1832 ஜனவரி 27-ல் செஷயர் மாவட்டத்து டேர்ஸ்பரி கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள், இவர் மூத்த மகன். தம்பி தங்கைகளைச் சமாளிக்க பொம்மலாட்டம் போடுவார், கையெழுத்துப் பத்திரிகை நடத்துவார், புதுப்புது விளையாட்டுக்கு விதிமுறை எழுதுவார். வீட்டுக்குள் அவர்தான் ராஜா. வெளியே வந்தால் நிலைமை வேறு. அவருக்குத் திக்குவாய். வலது காதும் சரியாகக் கேட்காது. ரக்பி விடுதிப் பள்ளியில் கழித்த வருடங்களை அவர் கடைசிவரை கசப்போடுதான் நினைத்தார். பரிசுகள் நிறைய வாங்கினார், ஆனாலும் அந்தக் காலத்தை எதற்காகவும் மறுபடி வாழத் தயாராக இல்லை.

1851 ஜனவரி 24. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குப் படிக்க வந்து சேர்ந்தார். இரண்டே நாளில் அம்மா இறந்துவிட்டதாகச் செய்தி. அம்மாவுக்கு வயது 47. மறுநாள் இவருக்கு 19 வயது பூர்த்தியாக இருந்தது. பெட்டியைக்கூடச் சரியாகப் பிரித்திருக்க மாட்டார், வீட்டுக்குத் திரும்பினார்.

பிறகு படித்து முடித்து அதே கல்லூரியில் 1855 முதல் 1881 வரை கணக்கு சொல்லிக் கொடுத்தார். திக்குவாயோடு வகுப்பு எடுப்பது எவ்வளவு பெரிய சோதனை என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னாலே நம்மில் பல பேருக்கு வயிறு கலங்கும். 1861-ல் திருச்சபையில் டீக்கன் பதவி வரை போனவர், அதற்கு மேல் பாதிரியார் ஆகவில்லை. பல காரணங்கள் சொல்கிறார்கள், நாக்கு ஒத்துழைக்காததும் அதில் ஒன்று. ஆனால் பேனா பிடித்தால் தடையே இல்லை. 1861 முதல் வந்த கடிதம், போன கடிதம் எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் பதிவேடு வைத்திருந்தார். கடைசி எண் 98,721!

அவர் புனைபெயரே ஒரு சின்ன ஏணிதான். சார்ல்ஸ் லட்விட்ஜ் என்பதை லத்தீனில் கரோலஸ் லுடோவிகஸ் ஆக்கினார். இரண்டையும் இடம் மாத்தினார். மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தார். 1856-ல் லூயிஸ் கரோல் பிறந்துவிட்டார். 1862 ஜூலை 4-ல் கல்லூரித் தலைவர் லிடலின் மூன்று மகள்களைப் படகில் கூட்டிப் போனபோது சொன்ன கதைதான் 1865-ல் புத்தகமாகி உலகம் சுற்றியது.

இதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த வருடமே, 1863 ஜூனில், லிடல் குடும்பத்தோடு திடீரென்று விலகல். அவர் நாட்குறிப்பில் அந்த இடத்துப் பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது. 13 தொகுதிகளில் 4 காணவே காணோம். சிறு பிள்ளைகளோடு அவருக்கிருந்த நெருக்கத்தையும் அவர் எடுத்த புகைப்படங்களையும் பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்றும் கடுமையாக வாதிடுகிறார்கள். பெரிய மனிதர் என்பதற்காக அதை விழுங்கிவிட்டு எழுத எனக்கு மனமில்லை.

சரி, ஏணிக்கு வருவோம். முதலில் சொல் இணைப்பு என்ற பொருளில் பெயர் வைத்தவர், பிறகு டப்ளெட்ஸ் என்று மாத்தினார். 1879 மார்ச் 29-ல் வேனிட்டி ஃபேர் வார இதழில் வெளிவந்தது. உடனே போட்டியும் ஆரம்பம். பன்றியைக் கொட்டிலில் அடை, கோதுமையை ரொட்டி ஆக்கு என்று வேடிக்கையான கேள்விகள். ரொம்பக் குறைவான படிகளில் ஏறுபவருக்கே வெற்றி. எந்தச் சொல் செல்லும், எது செல்லாது என்று சண்டை வராதா? அதற்காக அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியலையும் சேர்த்து அதே வருடம் மேக்மில்லன் மூலம் சிறு நூலாகப் போட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா, ஓட்டையை விட்டு வைப்பாரா!

எனக்குப் பிடித்தது கண்ணீரைப் புன்னகையாக்கும் புதிர். அவருடைய விடை இதுதான்: டியர்ஸ், சியர்ஸ், ஸ்டார்ஸ், ஸ்டேர், ஸ்டேல், ஸ்டைல், ஸ்மைல். ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், படிக்கு ஓர் எழுத்துதான் மாறும். நடுவில் வரும் ஸ்டைல் நம்ம ரஜினி ஸ்டைல் இல்லை. வேலியைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படி, அதற்கு எழுத்துக்கூட்டலே வேறு. கண்ணீருக்கும் புன்னகைக்கும் நடுவில் ஐந்து சொற்கள். ஒன்றைக்கூடத் தாண்டிக் குதிக்க முடியாது.

இன்று கணினி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த ஏணி பாடமாகவே வரும். ஒவ்வொரு சொல்லும் ஒரு புள்ளி, ஓர் எழுத்து வித்தியாசம் என்றால் நடுவில் ஒரு கோடு, குறுகிய வழியைக் கண்டுபிடி என்பார்கள். அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத் 5,757 ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களை எடுத்து இப்படிக் கோடு போட்டுப் பார்த்தார். அதில் 671 சொற்களுக்குப் பக்கத்து வீடே இல்லை. எந்தப் பக்கம் ஓர் எழுத்தை மாத்தினாலும் வேறு சொல் வராது. அந்த 671-ல் ஒன்று அலூஃப். ஒட்டாமல் ஒதுங்கி நிற்பது என்று அர்த்தம்!

டாட்சனும் கடைசிவரை கொஞ்சம் ஒதுங்கியே நின்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரி முகவரிக்கு லூயிஸ் கரோல் என்ற பெயரில் கடிதம் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். கணக்கு வாத்தியார் வேறு, கதைக்காரர் வேறு என்று அவ்வளவு பிடிவாதம். 1898 ஜனவரி 14-ல், 66 வயது ஆக இரண்டு வாரத்துக்கும் குறைவாக இருக்கும்போது, கில்ஃபர்டில் சகோதரிகளின் வீட்டில் நிமோனியாவால் இறந்தார். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் அவருடைய வெள்ளைச் சிலுவைக் கல்லில் இரண்டு பெயரையும் சேர்த்தே செதுக்கியிருக்கிறார்கள்.