ஜகதீச சந்திர போஸ்

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு வங்க நாட்டில் பிறந்தார். இங்கிலாந்தில் கல்வி பயின்று, 1885இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். ஆங்கிலேயரினும் குறைந்த ஊதியமே இந்தியருக்கு அங்கு அளிக்கப்பட்டது. அவ்வநீதிக்கு இணங்காத போஸ், மூன்றாண்டுகள் ஊதியம் பெறாமலே கடமையைச் செவ்வனே ஆற்றினார். இறுதியில் முழு ஊதியமும் அவருக்கு வழங்கப்பெற்றது.

பின்னர்ச் சில மில்லிமீட்டர் நீளமே உடைய, அதிர்வெண் மிகுந்த வானொலி அலைகளை அவர் ஆராய்ந்தார். 1895இல் அவர் எழுப்பிய கண்காணா அலைகள் சுவரை ஊடுருவிச் சென்று, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தன, கண்டோர் வியந்தனர். மெல்லிய அலைகளையும் உணரும் படிகக் கருவியை அமைத்தார். அதற்கு அமெரிக்கா 1904இல் காப்புரிமை அளித்தது. போஸ் அதனால் பொருளீட்ட விரும்பவில்லை. 1917இல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார், 1937இல் மறைந்தார். அத்தகைய குறுகிய அலைகள் இன்று வானாராய்ச்சிக்கும் செய்தித் தொடர்புக்கும் பயன்படுகின்றன.