சதாசிவம்: 215 ஓட்டங்களும் 57 நாள் வழக்கும்

வன்னியில் மென்பந்து விளையாடி வளர்ந்த எங்கள் தலைமுறைக்குத் தமிழ் கிரிக்கெட் வீரர் என்றால் முரளிதரன்தான். அவர் ஆடிய அதே தமிழ் யூனியன் கழகத்துக்கு, அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஆடியவர் மகாதேவ சதாசிவம். பழைய ரசிகர்களுக்கு அவர் வெறும் ‘சதா’.

1915 ஒக்டோபர் 18இல் பிறந்த சதாசிவம், கொழும்பு வெஸ்லி கல்லூரி அணியில் பெயரெடுத்தார். பயிற்சி அவருக்குப் பிடிக்காது. இரவு முழுக்க விருந்தில் இருந்துவிட்டு காலையில் நேரே மைதானத்துக்கு வந்து சதமடித்தார் என்ற வகைக் கதைகள் ஏராளம். எத்தனை உண்மையோ, 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அடித்த 215 ஓட்டங்கள் ஏட்டில் இருக்கின்றன. மறுவருடம் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பில் ஆடியபோது இலங்கைக்குத் தலைவர் சதாசிவம். அன்று ஆடுகளத்தை அளந்ததில் இரண்டு யார் குறைந்திருந்ததாம்! 1950இல் கொமன்வெல்த் அணிக்கு எதிராக அவர் எடுத்த 96 ஓட்டங்களைப் பார்த்த மேற்கிந்தியத் தீவுகளின் பிராங்க் வொரல், உலக அணி ஒன்றுக்கு முதலில் இவரைத்தான் தெரிவு செய்வேன் என்று சொன்னதாகக் கூறுவர். இலங்கைக்கு அப்போது டெஸ்ட் அந்தஸ்து இல்லை. அதனால் மிஞ்சியவை 11 முதல்தரப் போட்டிகளும் 701 ஓட்டங்களும் மட்டுமே.

1951 ஒக்டோபர் 9. விவாகரத்துக் கோரி வழக்குப் போட்டிருந்த அவரது மனைவி, பம்பலப்பிட்டி சென் அல்பன்ஸ் பிளேஸில் உள்ள வீட்டின் வாகனக் கொட்டகையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். நான்கு பெண் பிள்ளைகளின் தாய். சதாசிவம் கைதானார். வீட்டு வேலையாள் வில்லியமுக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் அரச சாட்சியானார்.

வழக்கு முழுவதும் ஒரு கேள்வியில் தொங்கியது: அந்தப் பெண் இறந்தது எத்தனை மணிக்கு? காலை பத்தரை மணியளவில் சதாசிவம் வாடகைக் காரில் வீட்டைவிட்டுப் போயிருந்தார். அதற்கு முன்பு என்றது அரச தரப்பு. அதற்குப் பிறகு என்று வாதாடினார் கொல்வின் ஆர். டி சில்வா. எடின்பரோவிலிருந்து சட்ட மருத்துவ நிபுணர் சேர் சிட்னி சிமித் வந்து எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னார். 57 நாள் விசாரணையின் பின், 1953 ஜூன் 25இல் ஜூரர்கள் ஒருமனதாக அவரை விடுவித்தனர். அதுவரை சுமார் இருபது மாதங்கள் அவர் விளக்கமறியலில் இருந்தார். மன்னிப்புப் பெற்ற வில்லியம்மீது வழக்குப் போட வழியில்லை. அந்தக் கொலைக்கு எவருமே தண்டிக்கப்படவில்லை.

இன்றும் அது ‘சதாசிவம் வழக்கு’தான். இறந்த பெண்ணின் பெயரைக் கேட்டால், அவர் ஆட்டத்தை ஓட்டம் ஓட்டமாகச் சொல்லும் ரசிகர்களும் தடுமாறுவார்கள். எனக்கு உறுத்துவது இதுதான்.

பிறகு சதாசிவம் நாட்டைவிட்டுப் போனார். சிங்கப்பூர் அணிக்கும் மலேசிய அணிக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளின் அணித்தலைவர் என்ற பெயர் அப்படி வந்தது.

1977 ஜூலை 9இல் காலமானார். 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது. இடம், தமிழ் யூனியனின் சொந்த மைதானமான பி. சரவணமுத்து மைதானம்.