அல் குவாரிஸ்மி

கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டில், தைகிரிசு ஆற்றங்கரையிலுள்ள பாக்தாது கல்வியிற் சிறந்த நகரமாக விளங்கிற்று. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீபா அல் மாமூன் கற்றோரைப் போற்றும் பண்பினர். அவர் காலத்தில் கிரேக்க நூல்கள் பல அரபு மொழியிற் பெயர்க்கப்பெற்றன. அறிவு இல்லம் எனப் பெயர் பெற்ற நிலையத்தில் அறிஞர் பலர் கூடிப் பணியாற்றினர். அவருள் ஒருவரே அல் குவாரிஸ்மி. அவர் ஏறத்தாழ 780-இல் பிறந்தவர். ஆரல் கடலுக்குத் தெற்கே உள்ள குவாரிசம் என்னும் நாட்டின் பெயர் அவர் பெயரோடு ஒட்டி நிற்கிறது.

அக்காலத்தில் மக்களை அலைக்கழித்த கணக்கு ஒன்று உண்டு. செல்வர் ஒருவர் இறந்தால், மக்கட்பேறு உடையவராயின், அவர் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு சேரும். மகள் பெறுவதைப்போல் மகன் இரு மடங்கு பெறுவான். இடையே கடனும், பிறர்க்கு எழுதிவைத்த கொடையும் குறுக்கிடும். கணக்குப் பிழைத்தால் கைம்பெண் ஒருத்தி தன் பங்கை இழப்பாள். பங்கீடு, வழக்கு, வாணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றிற்குப் பயன்படும் எளிய நூல் ஒன்றைக் கலீபாவின் ஊக்கத்தால் அல் குவாரிஸ்மி இயற்றினார். அதில் ஏறக்குறைய பாதி பங்கீட்டுக் கணக்குகளே. ஆயினும், அந்நூலுக்கு அழியாப் புகழ் தந்தவை முற்பகுதியில் உள்ள இருபடிச் சமன்பாடுகளே. பங்கீட்டிற்கு அவை பெரும்பாலும் வேண்டுவதில்லை என்பது வியப்பன்றோ!

இன்று நாம் வழங்கும் குறியீடுகள் அந்நூலில் இல்லை. எண்களையும் அவர் சொற்களாலேயே எழுதினார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வரும், அவ்வெண் யாது? இதுவே அவர் எடுத்துக்கொண்ட கணக்கு.

அவர் ஒரு சதுரம் வரைந்தார். அதன் பக்கமே நாம் தேடும் எண். பத்தை நான்காகப் பகுத்து, இரண்டரை அகலமுள்ள நான்கு செவ்வகங்களைச் சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் ஒட்டினார். இவ்வுருவத்தின் பரப்பு 39. ஆனால் நான்கு மூலைகளும் குறையாக நிற்கின்றன. ஒவ்வொரு மூலையும் இரண்டரை பக்கமுள்ள சிறு சதுரம். அதன் பரப்பு ஆறேகால். நான்கும் சேர்ந்து 25. அவற்றை நிரப்பினால் 64 பரப்புள்ள முழுச் சதுரம் கிடைக்கும். அதன் பக்கம் 8. இரு புறமும் ஒட்டிய ஐந்தைக் கழித்தால் எஞ்சுவது 3. மூன்றின் வர்க்கம் 9; பத்து மடங்கு 30; கூட்டினால் 39.

இவ்விதியை அவர்தாம் முதலிற் கண்டார் என்று கூறுதல் பொருந்தாது. பாபிலோனியர் களிமண் ஏடுகளில் இத்தகைய கணக்குகள் உண்டு. நம் நாட்டுப் பிரமகுப்தர் 628-இலேயே விதி வகுத்தார். குறை எண்களையும் ஏற்றுக்கொண்டார். அல் குவாரிஸ்மி அவற்றை ஏற்கவில்லை. ஆகவே இக்கணக்கின் மற்றொரு விடையாகிய குறை பதின்மூன்று அவர் நூலில் இல்லை. குறை எண்ணைத் தவிர்க்கவே சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்தார். எனினும், விதியைச் சொல்வதோடு அமையாமல், அது மெய்யாவது ஏன் என்பதையும் படம் வரைந்து விளக்கினார். ஒரு வர்க்கத்தோடு 21 சேர்ந்தால் அதன் மூலத்தின் பத்து மடங்காகும் என்னும் கணக்கிற்கு 3, 7 என்னும் இரு விடைகளும் பொருந்தும் என்று காட்டினார். விடையே இல்லாத நிலை எப்போது நேரும் என்பதையும் கூறினார்.

இந்திய எண்முறையைப் பற்றியும் அவர் ஒரு நூல் எழுதினார். அதன் இலத்தீன் வடிவத்தின் வழியே ஐரோப்பியர் பலர் அம்முறையைக் கற்றனர். அவர் பெயரே திரிந்து அல்காரிதம் என்னும் சொல்லாயிற்று. அவர் ஏறத்தாழ 850-இல் மறைந்தார்.

சமன்பாட்டு நூலை 1145-இல் இராபர்ட்டு என்னும் ஆங்கிலேயர், ஸ்பெயின் நாட்டுச் செகோவியா நகரில் இலத்தீனில் பெயர்த்தார். நூற்பெயரிலுள்ள அல் ஜபர் என்னும் சொல், குறைந்ததை நிறைத்துச் சீராக்குதல் என்னும் பொருளது. அதுவே அல்ஜீப்ரா ஆயிற்று. முறிந்த எலும்பைப் பொருத்துவோரையும் ஸ்பெயின் மக்கள் நெடுங்காலம் அச்சொல்லின் வழிவந்த பெயராலேயே அழைத்தனர்.