விருந்தினர் பாதம் கழுவிய புனித ஆசீர்வாதப்பர்

தம் வீட்டுக்கு வந்த இயேசுவுக்குப் பரிசேயரான சீமோன் கால் கழுவத் தண்ணீரும் தரவில்லை, முத்தமும் தரவில்லை. அக்குறையை மடத்தின் சட்டத்தாலேயே தீர்த்தவர் புனித ஆசீர்வாதப்பர்.

480-ஆம் ஆண்டளவில் இத்தாலியின் நூர்சியாவில் பிறந்தார். சுபியாக்கோ குகையில் தவமிருந்தார். பின்னர் மோந்தே கசினோவில் மடம் நிறுவினார். அவரது ஒழுங்குநூலின் 53-ஆம் அதிகாரப்படி, விருந்தினர் கிறிஸ்துவாகவே ஏற்கப்படுவர். முதலில் செபம், பிறகு சமாதான முத்தம். மடாதிபதியே அவர்கள் கைகளுக்கு நீர் வார்ப்பார்; துறவியர் அனைவரோடும் சேர்ந்து பாதம் கழுவுவார்; அவர்களுக்காகத் தம் நோன்பையும் முறிப்பார். ஏழைகளுக்கும் திருயாத்திரிகருக்கும் தனிக் கவனம்; செல்வந்தருக்கோ, அவர்கள்மீதுள்ள அச்சமே மரியாதையைத் தேடித் தந்துவிடுமாம்! பெரிய வண்டி வந்து நின்றால் வாசலுக்கு விரையும் நாம், இவ்வரியைக் கூச்சத்தோடுதான் வாசிக்கிறோம்.

547-ஆம் ஆண்டளவில், சீடர்கள் தாங்கிப் பிடிக்க, ஆலயத்தில் நின்று செபித்தபடியே அவர் உயிர்நீத்ததாகப் பெரிய கிரகோரியார் எழுதியுள்ளார்.