67 வயதில் 2,050 மைல் நடந்த பாட்டி!

அமெரிக்காவில் ஜார்ஜியா முதல் மெயின் வரை, 14 மாநிலங்களின் மலைகள் வழியே செல்வது அப்பலாச்சியன் நடைபாதை. 1955-ல் அதன் நீளம் சுமார் 2,050 மைல். அதை ஒரே ஆண்டில் தன்னந்தனியாக நடந்து முடித்த முதல் பெண், 67 வயதுப் பாட்டி எம்மா கேட்வுட்.

எம்மா 1887-ல் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். 11 குழந்தைகளைப் பெற்றார். இல்வாழ்க்கையில் இன்பம் இல்லை. கணவர் அடித்ததில் பல் உடைந்தது. விலா எலும்பும் முறிந்தது. அடி தாங்காத நாட்களில் காடுதான் புகலிடம். 1941-ல் விவாகரத்துப் பெற்றார்.

1954-ல் மெயினில் நடக்கத் தொடங்கினார். சில நாட்களிலேயே வழி தவறியது. மூக்குக் கண்ணாடி உடைந்தது. வன ஊழியர்கள் வீட்டுக்குப் போகும்படி சொன்னார்கள். பாட்டி வீண் பிடிவாதம் பிடிக்கவில்லை. திரும்பினார்.

ஆனால் மறு ஆண்டு மே மாதம் ஜார்ஜியாவில் மீண்டும் புறப்பட்டார்! வீட்டாரிடம் நடக்கப் போவதாக மட்டும் சொன்னார். கூடாரம் இல்லை, முதுகில் பெருஞ்சுமை இல்லை. தாமே தைத்த துணிப்பை ஒற்றைத் தோளில் தொங்கியது. உள்ளே கம்பளி, மழைக்கோட்டு, கொஞ்சம் உணவு. எல்லாம் சேர்த்து 20 ராத்தலுக்குள்தான். காலில் கான்வாஸ் ஷூ.

கடைசி நாட்களில் முழங்கால் நொண்டியது. கண்ணாடி மறுபடி உடைந்தது. பாட்டி நிற்கவில்லை. நொண்டியபடியே செப்டம்பர் 25-ந் தேதி கட்டாடின் சிகரத்தில் ஏறினார். 146 நாள் நடை முடிந்தது.

1957-லும் 1964-லும் அதே பாதையை நடந்து முடித்தார். 1973-ல், 85-ஆம் வயதில் மறைந்தார். எதைத் தூக்கக் கூடாது, எப்போது திரும்ப வேண்டும் என்று அறிந்திருந்ததே அவருடைய பலம்.