குடும்பம் போற்றிய பேரறிஞர் சார்லஸ் டார்வின்



பரிசளிப்பு விழா என்றால் மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளையைத்தான் எல்லோரும் பார்ப்போம். கீழே நாற்காலியில் உட்கார்ந்து, அது எம் பிள்ளை, அது எம் பேரன் என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகும் அப்பாவையும் தாத்தாவையும் யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆகவே, இந்த மலரில் ஓர் அப்பாவை, ஒரு தாத்தாவை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர் பெயர் சார்லஸ் டார்வின். உயிரினங்கள் காலப்போக்கில் சிறுகச் சிறுக மாறி வந்தவை என்ற பரிணாமக் கொள்கையைத் தந்தவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நீண்ட வெள்ளைத் தாடியோடு அவர் படத்தையும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாடிக்காரர் தம் வீட்டுக்குள் எப்படி இருந்தார்? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தாய்மாமன் காட்டிய வழி

டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். தந்தையார் பெயர் பெற்ற மருத்துவர். எட்டு வயதிலேயே டார்வின் தம் தாயை இழந்தார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் இது மீண்டும் வரும்.

பள்ளியில் அவர் சுமாரான மாணவர்தான். மருத்துவம் படிக்கப் போனார். மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்து அறுவை சிகிச்சையைப் பார்க்கப் பொறுக்காமல் திரும்பி வந்துவிட்டார். வேட்டையும் நாயும் எலி பிடிப்பதுமாகத் திரிகிறானே, குடும்பத்துக்குத் தலைகுனிவைக் கொண்டுவருவானோ என்று தந்தை ஏசியதும் உண்டு. உலகைச் சுற்றப் புறப்பட்ட பீகிள் கப்பலில் போக வாய்ப்பு வந்தபோது, தந்தை கூடாது என்றார். அப்போது கைகொடுத்தவர் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட். அவர் நேரில் வந்து பேசித் தந்தையின் மனத்தை மாற்றினார். 1831 டிசம்பரில் புறப்பட்ட டார்வின், ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கழித்து 1836 அக்டோபரில் அறிவியலாளராக ஊர் திரும்பினார்.

1839-இல் அந்தத் தாய்மாமன் மகளையே மணந்தார். நம் வழக்கப்படி சொன்னால் முறைப்பெண்தான்! அம்மையார் பெயர் எம்மா. இவருக்குக் கடவுள் நம்பிக்கை ஆழமாக இருந்தது. டார்வினுக்கோ ஆராய்ச்சியின் போக்கில் அந்த நம்பிக்கை தளர்ந்துகொண்டே வந்தது. மறுமையில் நாம் பிரிந்துவிடுவோமோ என்ற கவலையை எம்மா ஒரு கடிதமாக எழுதிக் கணவரிடம் கொடுத்தார். டார்வின் அதை எதிர்த்து வாதாடவில்லை. அந்தக் கடிதத்தைக் கடைசிவரை பத்திரப்படுத்தி வைத்தார்; அதைப் பல முறை முத்தமிட்டு அழுததாக அதிலேயே குறித்தும் வைத்தார். கருத்து வேறு, அன்பு வேறு என்று வாழ்ந்து காட்டிய தம்பதியர் அவர்கள்.

பிள்ளைகள் ஆண்ட வீடு

1842-இல் லண்டனிலிருந்து சுமார் 16 மைல் தள்ளி, கெண்ட் மாவட்டத்து டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார்கள். டார்வின் சாகும்வரை அதுதான் வீடு. அவருக்குத் தந்தைவழிச் சொத்து இருந்தது, வேலையாட்களும் இருந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காக விடியலில் பெரட்டுக்கு ஓட வேண்டிய கஷ்டம் நம் தோட்டத்து முன்னோர்களுக்கு இருந்ததுபோல அவருக்கு இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், பணத்தால் வாங்க முடியாத உடல்நலம் அவருக்கு வாய்க்கவில்லை. வாந்தி, நடுக்கம், தலைச்சுற்றல் என்று ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நோயோடு போராடினார். நல்ல நாளிலேயே சில மணி நேரம்தான் வேலை பார்க்க முடியும்.

அப்படிப்பட்டவர், பிள்ளைங்க சத்தம் போடக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டாரா? இல்லை. பத்துப் பிள்ளைகள் பிறந்த குடும்பம் அது. படிக்கட்டில் பொருத்திச் சறுக்கி விளையாட ஒரு பலகை செய்து வைத்திருந்தார்கள். அப்பாவின் ஆராய்ச்சி அறைக்குள் கத்தரிக்கோல், கயிறு, அளவுகோல் தேடிப் பிள்ளைகள் அடிக்கடி நுழைவார்கள். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், வேலை நேரத்தில் விளையாட வந்தால் ஆறு பென்ஸ் காசு தருகிறேன் என்று அப்பாவுக்கே கையூட்டுக் கொடுக்கப் பார்த்தானாம்! உலகத்தையே புரட்டிப்போட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலின் கையெழுத்துப் படியில் சில தாள்கள் இன்றும் இருக்கின்றன. ஏன் தெரியுமா? அவற்றின் பின்பக்கத்தில் பிள்ளைகள் வண்ணப் படம் வரைந்திருந்தார்கள். காய்கறியும் பழமும் போர் வீரர்களாகச் சண்டை போடும் படம்கூட அதில் உண்டு.

கப்பலின் அடியிலும் கடற்பாறையிலும் ஒட்டியிருக்கும் கொட்டலசுகளை டார்வின் எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். பிள்ளைகள் கண் திறந்த நாள் முதல் பார்த்தது அப்பாவின் கொட்டலசு வேலையைத்தான். அதனால் அவர்களில் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, அவர் தம் கொட்டலசு வேலையை எங்கே செய்வார் என்று கேட்டாராம். எல்லா அப்பாவுக்கும் அதுதான் தொழில் என்ற நினைப்பு!

பிள்ளைகளை அவர் வேலையிலும் சேர்த்துக்கொண்டார். ஆண் வண்டுத்தேனீக்கள் எந்த வழியாகப் பறக்கின்றன என்று அறிய, தோட்டத்தில் ஆளுக்கோர் இடமாகப் பிள்ளைகளை நிறுத்திக் கூவச் சொல்வார். பெரியவளான பின், மகள் ஹென்ரியெட்டா அப்பாவின் நூலைத் திருத்திக் கொடுத்தார். மகன்கள் ஜார்ஜ், பிரான்சிஸ், ஹொரேஸ் மூவரும் பிற்காலத்தில் அறிவியலில் சிறந்து சர் பட்டம் பெற்றார்கள். அந்தப் படிப்பின் முதல் வகுப்பு அப்பாவின் மேசையடியில் நடந்தது என்று சொல்லலாம் அல்லவா?

ஆறாத துயரம்

பெற்றோர்களே, பிள்ளையைப் பறிகொடுத்த வேதனை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். டார்வினுக்கு அது மூன்று முறை வந்தது. 1842-இல் பிறந்த பெண் குழந்தை மூன்று வாரம்தான் இருந்தது. மூத்த மகள் ஆனி, பத்து வயதில் நோயில் விழுந்தாள். சிகிச்சைக்காக மால்வர்ன் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி. பயணம் செய்ய முடியாது. நோயாளியான தகப்பனே மகளின் படுக்கையருகில் இருந்து பார்த்துக்கொண்டார். அன்றாட நிலைமையை மனைவிக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். 1851 ஏப்ரல் 23-ஆம் நாள் ஆனி கண்ணை மூடினாள். ஒரு வாரத்தில், அவள் சிரிப்பும் நடையும் மறந்துபோகக் கூடாதென்று தமக்காகவே ஒரு நினைவுக் குறிப்பு எழுதி வைத்தார். எம்மா, ஆனியின் சின்ன எழுதுபெட்டியைக் காலமெல்லாம் காத்தார்.

மூன்றாவது சாவு வந்த நேரம் இன்னும் கொடுமை. நம் மண்ணோடும் அதற்குத் தொடர்பு உண்டு. சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் சரவாக்கிலும் வண்டும் பறவையும் சேகரித்துத் திரிந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்பவர், பின்பு மலுக்குத் தீவுகளுக்குச் சென்றார். அங்கிருந்து 1858-இல் டார்வினுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். டார்வின் இருபதாண்டுகளாக உழைத்துக் கண்ட அதே கொள்கை அதிலும் இருந்தது! ஜூன் மாதம் அது கைக்குக் கிடைத்த சில நாட்களில் வீட்டில் நோய் புகுந்தது. ஒன்றரை வயதுக் கடைக்குட்டி செங்காய்ச்சலில் ஜூன் 28 அன்று இறந்தான். ஜூலை 1-ஆம் நாள் லண்டனில் இருவரின் கட்டுரைகளையும் நண்பர்கள் சேர்த்து வாசிக்க வைத்தார்கள். டார்வின் அங்கே போகவில்லை. குழந்தையை அடக்கம் செய்யும் நாள் அது. மறு ஆண்டு, 1859 நவம்பரில், அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது.

இன்னொரு கவலையும் அவரை வாட்டியது. சொந்தத்தில் மணந்ததால்தான் பிள்ளைகளுக்கு உடல் பலவீனமோ என்று அஞ்சினார். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று முயன்றார், நாடாளுமன்றம் ஏற்கவில்லை. சொந்தக் குடும்பத்தின் வலியையும் மூடி மறைக்காமல் ஆராய்ந்து பார்க்கத் துணிந்தவர் அவர்.

தாயில்லாப் பேரன்

1876 கோடையில், தம் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் படிப்பதற்கென்று டார்வின் தம் வாழ்க்கைக் கதையை எழுதினார். அந்தச் செப்டம்பரில் மகன் பிரான்சிஸுக்கு ஆண் குழந்தை பிறந்தது. முதல் பேரன், பெயர் பெர்னார்ட். ஆனால், பெற்ற சில நாட்களில் தாய் எமி இறந்துவிட்டார். மனமுடைந்த பிரான்சிஸ் கைக்குழந்தையோடு பெற்றோர் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். அப்போது டார்வினுக்கு 67 வயது, எம்மாவுக்கு 68. ஓய்ந்து உட்காரும் வயதில் வீட்டில் மறுபடியும் குழந்தை அழுகுரல்! எட்டு வயதில் தாயை இழந்தவர், பிறந்த வாரமே தாயை இழந்த பேரனை வளர்க்க முன்வந்தார்.

பேரன் தவழ்ந்து நடந்த அந்த வீட்டில் ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை. பிரான்சிஸ் தந்தைக்கு உதவியாளரானார். 1880-இல் தாவரங்களின் அசைவு பற்றிய நூல் இருவர் உழைப்பில் வந்தது. பிறகு மண்புழு ஆராய்ச்சி. புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க, தொட்டி மண்ணில் வளர்த்த புழுக்களுக்கு விசில் ஊதினார்கள், பெரிய குழல் வாசித்தார்கள், பியானோ இசைத்தார்கள். புழுக்கள் அசையவே இல்லை. ஆனால், தொட்டியைப் பியானோ மீதே வைத்து வாசித்ததும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடிவிட்டன. இங்கிலாந்தில் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாக மேலே வருகிறது என்று 1881-இல் எழுதினார். மண்ணில் பாடுபடும் நமக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா!

ஒவ்வோர் இரவும் டார்வினும் எம்மாவும் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கமன் இரண்டு ஆட்டம் ஆடுவார்கள். அதற்கும் கணக்கு வைத்திருந்தார்: 1876 தொடக்கத்தில் தாம் ஜெயித்தது 2795, எம்மா 2490!

1882 ஏப்ரல் 19-ஆம் நாள், மனைவி மக்கள் அருகிருக்க டார்வின் காலமானார். ஊர் மாதா கோயில் இடுகாட்டில், பிள்ளைகளின் பக்கத்தில்தான் அடக்கம் என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். நாடு கேட்டுக்கொண்டதால் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், நியூட்டன் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள். ஐந்து வயதில் தாத்தாவை இழந்த பெர்னார்ட் பாட்டியிடம் வளர்ந்து, பிற்காலத்தில் பெயர் பெற்ற எழுத்தாளர் ஆனார்.

பெற்றோர்களே! டார்வினின் சொத்து நமக்கு இல்லை. அவர் அறிவும் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால், நம் வேலையைப் பிள்ளைக்குக் காட்டலாம். அவன் கேள்விக்குப் பதில் சொல்லலாம். அவன் கிறுக்கிய தாளைக் கசக்கி எறியாமல் எடுத்து வைக்கலாம். இதற்குக் காசு வேண்டாமே.

செல்வங்களே! இன்று மேடையேறியவர்களுக்கு வாழ்த்து. ஏறாதவர்களுக்கும் வாழ்த்து, டார்வினும் பள்ளியில் சுமார்தான். விழா முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் தாத்தா பாட்டி பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவர்கள் சிறு வயதில் என்ன செய்தார்கள், எந்தத் தோட்டத்தில் எத்தனை மரம் வெட்டினார்கள் என்று கேளுங்கள். டார்வின் தம் கதையைப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதி வைத்தார். நம் தாத்தாக்கள் எழுதி வைக்கவில்லை. நாம்தான் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.